வெளியே இருந்து திறக்காத டெண்ட்

சாயங்காலம் ஆறு இருபது. மலைக்குப் போகிற கடைசி பேருந்து திரும்பிப் போய்விட்டது. அதற்கு மேல் அந்தச் சாலையில் வண்டி கிடையாது, ஆள் கிடையாது, விளக்கும் கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது... சத்தமே இல்லாமல்.

தார் முடிந்து ஜல்லி தொடங்குகிற இடத்தில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு வயதான அம்மாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மார்போடு அணைத்த ஒரு மூட்டை. பின்னால் நாற்பத்தைந்து வயது மனிதர், தோளில் கருவிப் பை. அவர் பயந்துகொண்டு போகவில்லை. கடுங்கோபத்தில் போனார். பயமெல்லாம் பிற்பாடுதான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள்... காற்றுக்குத்தான்.

இது என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நண்பன் அவரை அத்தான் என்றுதான் சொல்வான். நானும் அத்தான் என்றே சொல்கிறேன்.

மலையேறப் போகிறவர்களின் சாமான்களைப் பழுதுபார்ப்பதுதான் அத்தானின் தொழில். மலையடிவாரத்துச் சந்தையில் ஒரு ஷட்டர் கடை. ஒரு தையல் மிஷின், ஒரு பெரிய மேஜை, சுவர் முழுக்க ஆணியில் தொங்குகிற பைகள், டெண்டுகள், மழைக்கோட்டுகள். கடைக்குள் நுழைந்தால் ரப்பர் பசையும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை அடிக்கும். அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

அங்கே வருகிறவர்கள் ஒரு தனி ரகம். ஒருத்தர் நாலு தடவை அடி மாற்றிய ஷூவோடு ஐந்தாவது தடவை வந்து நிற்பார். அடி புதுசு, கயிறு புதுசு, உள்ளே அட்டை புதுசு. அந்த ஷூவில் பழசு என்று பார்த்தால் நாற்றம் மட்டும்தான். ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருடைய மழைக்கோட்டை வீட்டில் குப்பையில் போட்டுவிட்டார்கள். மனிதர் கிளினிக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் குப்பை வண்டியின் பின்னாலேயே ஓடி அதை மீட்டுக்கொண்டு நேராக அத்தான் கடைக்கு வந்தார். புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்களேன் என்று சொன்னால் இவர்கள் யாருக்கும் பிடிக்காது. முகம் சுண்டிப்போகும். வீட்டு ஆளை மாற்றச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள்.

அக்காவுக்கு இதில் ஒரே கடுப்பு. "கட்டின நாள்ல இருந்து என் குடைக்கு ஒரு கம்பி மாத்தித் தர நேரமில்ல. ஊரான் வீட்டு டெண்டுன்னா மட்டும் ராத்திரி பகலா உட்கார்றீங்க" என்பாள். அத்தான் தலையை நிமிர்த்தாமல் ஊசியில் நூலைக் கோப்பார். கையில் வந்த வேலை சரியாகாமல் அவருக்குச் சோறு இறங்காது. அது ஒரு வியாதி என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்த டீச்சர் வந்தார்.

அவர் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைச்சாலையில் கடைசி வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக வந்து தங்கியிருந்தார். அளந்து அளந்துதான் பேசுவார். அவர் கொண்டுவந்தது இரண்டு பேர் படுக்கிற டெண்ட். பச்சை நிறம், வெயிலில் வெளுத்து மஞ்சளாகத் திரும்பியிருந்தது. ஆனால் எவ்வளவு ஒழுங்காக மடித்திருந்தார் என்கிறீர்கள்! தரையில் அடிக்கிற முளைகள் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டுத் தனிப் பையில் கட்டியிருந்தன. கம்பிகள் துணியில் சுற்றியிருந்தன.

"ஜிப் பாதியில நிக்குது தம்பி. கையளவு திறக்குது. அதுக்கு மேல வரமாட்டேங்குது."

சாதாரண வேலை. ரன்னர் தேய்ந்திருக்கும். அதுதான், ஜிப்பின் பல்லின் மேல் ஓடுகிற அந்தச் சின்ன உலோகத் துண்டு. குறடால் ரெண்டு அமுக்கு அமுக்கினார். பல்லில் மெழுகு தேய்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. டீச்சர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார்.

"அப்படியேதான் இருக்கு தம்பி."

சரி, ரன்னரையே மாற்றிவிடுவோம் என்று கெட்டியான பித்தளை ரன்னர் போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜிப் முழுவதையும் பிரித்தார். மிஷினில் அடித்த பழைய தையலை ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க ஒரு பகல் போனது. புது ஜிப்பை வைத்துத் தைக்க இன்னொரு பகல். முடித்துவிட்டு மேஜை மேல் வைத்து நாற்பது தடவை திறந்து மூடினார். நாற்பது தடவையும் ஒரு சிக்கல் இல்லை.

பத்து நாள். அதே டீச்சர். அதே மூட்டை.

"கையளவுதான் தம்பி..."

அத்தானுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆனாலும் வயதானவர், டீச்சர் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு டெண்டைப் பிரித்து அவர் கண்முன்னாலேயே திறந்தார், மூடினார், திறந்தார்.

"பாருங்க டீச்சர். நீங்களே இழுத்துப் பாருங்க."

டீச்சர் இழுத்தார். சர்ரென்று மேலே போனது.

"இங்க திறக்குது. அங்கதான்..."

"அங்கன்னா? அங்க என்ன வேற ஜிப்பா இருக்கு? நீங்க எப்படித் திறக்கறீங்க, சொல்லுங்க."

"நான் உள்ள படுத்திருப்பேன். உள்ள இருந்து நல்லாத்தான் திறக்குது. வெளிய இருந்துதான் திறக்கமாட்டேங்குது."

"மழை பட்டு பல் இறுகியிருக்கும்" என்று எதையோ சொல்லி இன்னும் கொஞ்சம் மெழுகைத் தேய்த்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் அக்காவிடம் ஒரே புலம்பல். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு தலைவலியைப் பார்த்ததில்லை, அந்த அம்மாளுக்குக் கை வாகு போதவில்லை, என்னை வேலை தெரியாதவன் என்று நினைத்துக்கொள்கிறார்... இப்படி. அக்கா காதில் வாங்கிக்கொண்டே பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல. தனியாத்தான் இருக்காங்க."

"அப்ப, அவங்க உள்ள படுத்திருக்கும்போது வெளிய இருந்து திறக்கறது யாரு?"

அத்தான் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் விடிந்ததும் அவருக்கு வந்தது பயமில்லை, எரிச்சல்தான். யாரோ திருட்டுப் பயல் அந்த அம்மாளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். இல்லாவிட்டால் அந்த அம்மாளுக்கு மனசு சரியில்லை. ரெண்டில் எதுவாக இருந்தாலும் அது ஜிப் சம்பந்தப்பட்ட விஷயமில்லை. அப்படியிருக்க என் தையலையா குறை சொல்வது?

அடுத்த தடவை டீச்சர் வந்தபோது நல்ல மழை. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். மூட்டை நனையாமல் இருக்க அதற்குத்தான் குடை பிடித்திருந்தார், தான் நனைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அத்தானுக்கு இரக்கம் வரவில்லை. இன்னும்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கங்க. நானே நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன். இதுக்கு மேல என்னால ஆகாது."

டீச்சர் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "இதைப் போட முடியாது தம்பி."

"ஏன் முடியாது? துணிதானே?"

டீச்சர் உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. மழையில் அப்படியே நின்றார். அரை மணி நேரம். அத்தான் உள்ளே ஒரு பையைத் தைக்கப் பார்த்தார், நூல் அறுந்தது. மறுபடி கோத்தார், ஊசி உடைந்தது. கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கருவிப் பையை எடுத்துத் தோளில் போட்டார். ஷட்டரைப் படாரென்று இழுத்து மூடினார்.

"நடங்க. எப்படித் திறக்கலைன்னு நானே வந்து பார்க்கறேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு."

அப்படித்தான் அந்த ஆறு இருபது பேருந்தில் இறங்கி, ஜல்லிச் சாலையில் அவர் பின்னால் நடந்தது.

வீடு சின்னது. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை. சமையலறைக் கதவைத் திறந்தால் கொஞ்சம் சமதரை, அதற்கப்பால் சரிவு. மரங்கள். வேறு வீடே கண்ணுக்குத் தெரியவில்லை. டீச்சர் அந்தச் சமதரையில் டெண்டை விரித்துக் கம்பி நுழைத்து முளை அடித்தார். உதவிக்குப் போன அத்தானைக் கையால் தடுத்துவிட்டார். ஆறே நிமிடம். பழகிய கை.

அத்தான் ஜிப்பை வெளியே இருந்து இழுத்துப் பார்த்தார். திறந்தது. டீச்சரை உள்ளே உட்காரவைத்து மறுபடி இழுத்தார். திறந்தது. தண்ணீரைத் தெளித்து இழுத்தார். அப்போதும் திறந்தது. "போதுமா டீச்சர்?" என்று கேட்க நினைத்தவர், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சமையலறையில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு டீச்சர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவரும் அவர் வீட்டுக்காரரும் மலைக்கு மேலே அந்த டெண்டில் தங்கியிருந்தார்கள். வருஷம் தவறாமல் போகிற பழக்கம். அவர் வீட்டுக்காரர் அந்த டெண்டை வேறு யாரும் தொட விடமாட்டாராம். அந்தத் தடவை ஒரு நாள் அதிகாலை நாலு மணி வாக்கில் அவர் எழுந்திருக்கிறார். மழை. டீச்சர் தூக்கக் கலக்கத்தில் எங்கே என்று கேட்டிருக்கிறார். "முளை ஒண்ணு பிடுங்கிக்கிச்சு போல. அடிச்சுட்டு வந்துடறேன். ஜிப்பை மூடிக்கோ, சாரல் அடிக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கிறார்.

"நான் மூடினேன் தம்பி. மூடிட்டுப் படுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து... அது எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை... அரைத் தூக்கத்தில் ஜிப் சத்தம் கேட்டிருக்கிறது. கொஞ்சம் மேலே வந்தது, நின்றது. மறுபடி கொஞ்சம், நின்றது. வந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் பக்கத்தில் ஆளில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு துணி, ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

"எழுந்து திறந்திருக்கலாம்ல? உள்ள இருந்து நல்லாத்தானே திறந்துது. ஒரு கை நீட்டினா போதும்..."

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆறிப்போயிருந்தது.

"பத்து வருஷம் பரண்ல கிடந்தது. இங்க வந்தப்புறம் விரிச்சேன். விரிச்ச மூணாம் நாள்ல இருந்து வரார். அதே நேரம். கையளவு திறக்கறார். அதுக்கு மேல முடியல. நான் உள்ள இருந்து திறந்தா யாருமில்ல. அவரேதான் திறக்கணும் போல தம்பி. அதான் உங்ககிட்ட வந்தேன்."

ஒன்பது மணிக்கு டீச்சர் டெண்டுக்குள் போய் ஜிப்பை மூடிக்கொண்டார். அத்தான் சமையலறையில், மூடிய கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியே போகிற விளக்கு வெளிச்சம் டெண்டின் வாசலில் ஒரு கட்டமாக விழுந்தது. பித்தளை ரன்னர் அதில் மின்னியது. இந்நேரம் வீட்டில் இருந்திருக்கலாமே, யாருக்கு வந்த தலைவிதி இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். கடைசி பேருந்தை விட்டதற்குத் திட்டிக்கொண்டார். டீச்சரையும் திட்டினார், மனசுக்குள். திட்டித் திட்டியே கண் சொருகியது.

எழுப்பியது சத்தமில்லை. வாடை.

ஈரக் கம்பளி வாடை... அதோடு துரு. ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்த இரும்பைக் கையில் எடுத்தால் வருமே, அது. கதவு இடுக்கு வழியே உள்ளே வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பதினைந்து.

காலடிச் சத்தம் எதுவும் இல்லை. ஜல்லி நகரவில்லை. இலை மிதிபடவில்லை.

சிர்ர்ர்ர்... டிக்.

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். பனிக்குள்ளே டெண்டின் வாசல். அந்தப் பித்தளை ரன்னர் கீழே இருந்து மேலே ஏறியிருந்தது. சரியாக ஒரு கையளவு. அதன் முன்னால் யாருமில்லை. வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது... யாருமில்லை.

ரன்னர் மெதுவாகக் கீழே இறங்கியது. மறுபடி ஏறியது.

சிர்ர்ர்ர்... டிக்.

உடம்பில் இருக்கிற மயிரெல்லாம் எழுந்து நின்றது.  எழுந்து முன்வாசல் வழியாக ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் காது... அந்தக் காது இருபது வருஷமாக ஜிப் சத்தம் கேட்ட காது. அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்துவிட்டது.

சிர்ர்ர்ர்... டிக்.

இது சிக்குகிற சத்தம் இல்லையே? பல்லில் சிக்கினால் 'கிர்ர்' என்று இழுத்து நிற்கும். இது சுத்தமாக ஓடுகிறது. ஓடி, நழுவுகிறது. அந்த 'டிக்' என்பது ரன்னரில் தொங்குகிற சின்ன நாக்கு... அதைப் பிடித்திருந்த விரலிலிருந்து வழுக்கி, திரும்ப விழுந்து தட்டுகிற சத்தம்.

ஜிப்பில் கோளாறு இல்லை. பிடியில் கோளாறு. அந்த விரல் மடங்கவில்லை.

பதினோரு தடவை எண்ணினார். பதினோராவது தடவை நழுவிய பிறகு ஒரு மூச்சு கேட்டது. பயமுறுத்துகிற மூச்சு இல்லை. உஸ்ஸென்று ஒரு சலிப்பு. நாளெல்லாம் உட்கார்ந்து செய்த வேலை சரியாக வராதபோது, மேஜையில் குறடைத் தூக்கிப் போட்டுவிட்டு அத்தான் விடுவாரே... அச்சு அசல் அதே மாதிரி.

நாலே முக்காலுக்கு வாடை போய்விட்டது.

விடிந்ததும் டீச்சர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. அத்தான் நேராக டெண்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். கருவிப் பையைத் திறந்தார். சுண்டு விரல் தடிமனில் நல்ல முரட்டுக் கயிறு இரண்டடி எடுத்தார். ரன்னரின் நாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையில் கெட்டிக் கம்பி வளையம் போட்டு, அதில் கயிற்றைக் கோத்துப் பெரிய கண்ணியாகக் கட்டினார். ஒரு மனிதனின் முஷ்டி தாராளமாக நுழைகிற அளவு. முடிச்சை நெருப்பில் காட்டி உருக்கினார், அவிழாமல் இருக்க. தன் கையை நீட்டி, விரலை மடக்காமல், மணிக்கட்டை மட்டும் கண்ணிக்குள் விட்டு இழுத்துப் பார்த்தார். ஜிப் ஒரே இழுப்பில் மேலே வரைக்கும் திறந்தது.

"இது எதுக்கு தம்பி?"

"விரல் மடங்காதவங்களுக்கு. மலையில விறைச்சுப் போச்சுன்னா விரலால பிடிக்க வராது டீச்சர். கையை உள்ள விட்டு இழுத்தா போதும்."

டீச்சர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அத்தான் காலைப் பேருந்தைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

அக்காவிடம் பாதிதான் சொன்னார். பாதி சொன்னதற்கே அவள் ரெண்டு நாள் பின்கட்டுக்குத் தனியாகப் போகவில்லை.

அதற்கப்புறம் டீச்சர் வரவில்லை. நாலு நாள் ஆனது, பத்து நாள் ஆனது, மூன்று வாரம் ஆனது. வேறு யாராக இருந்தாலும் விட்டது சனி என்று இருந்திருப்பார்கள். அத்தானால் முடியவில்லை. வேலை சரியாக வந்ததா இல்லையா என்று தெரியாமல் மண்டை குடைந்தது. பேருந்து வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். யாராவது பச்சை டெண்டோடு வந்தால் பாதியில் எழுந்து நின்றார். திட்டுவதற்காவது அந்த அம்மாள் வந்து தொலைக்கக் கூடாதா என்று அக்காவிடமே எரிந்து விழுந்தார்.

ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயில், டீச்சர் வந்தார். கையில் மூட்டை இல்லை.

அத்தான் மிஷினை நிறுத்தினார். வாங்க என்று கூடச் சொல்லவில்லை. "ஜிப் எப்படி இருக்கு டீச்சர்?"

"நல்லா இருக்கு தம்பி."

"முழுசா திறக்குதா? வெளிய இருந்து?"

"முழுசா திறக்குது."

அப்பாடா! நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது அவருக்கு. பெரிதாக ஒரு சிரிப்புக்கூட வந்தது. ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. சுவரில் தொங்குகிற சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னதா ஒரு டெண்ட் கிடைக்குமா? ஒரு ஆள் படுக்கற மாதிரி. பழசா இருந்தாலும் பரவாயில்ல."

"எதுக்கு டீச்சர்? அந்தப் பழசு என்னாச்சு?"

"அதுல அவர் இருக்கார்."

வெளியே சந்தையில் யாரோ பேரம் பேசுகிற சத்தம். சைக்கிள் மணி. அத்தானின் முதுகில் மட்டும் ஜில்லென்று ஏதோ இறங்கியது.

"வந்துட்டாரா..."

"நீங்க கயிறு கட்டின அன்னைக்கு ராத்திரியே வந்துட்டார். நாலு மணிக்கு. ஒரே இழுப்பு. மேல வரைக்கும் திறந்துது. நான் விளக்கைப் போடல. வாங்கன்னு சொல்லிட்டு, ஒதுங்கி இடம் விட்டேன். உள்ள வந்து ஜிப்பை அவரே மூடினார். ரொம்ப நேரம் பேசவே இல்ல தம்பி. கையால தடவித் தடவிப் பார்த்தார். மேல் துணியை, தையலை, மூலையில இருக்கற கம்பியை... எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கற மாதிரி. ஒவ்வொரு மூலையா. அப்புறம் கை என் முகத்துல பட்டுது. உடனே எடுத்துட்டார். அதுக்கப்புறம்தான் பேசினார்."

அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப மூணு வாரமா நான் வெளியதான் படுக்கறேன். பக்கத்துலயே, தரையில. மழை வந்தா நனையறேன். உள்ள இருந்து மூடியிருக்கு."

அத்தான் மிஷினை விட்டு எழுந்தார். கடைசியில் கேட்டார். "ஏன் டீச்சர்... ரெண்டு பேர் படுக்கற டெண்ட்தானே அது? குரல்... அவர் குரல்தானே?"

"அவர் குரல்தான். பதினோரு வருஷமானா மட்டும் எனக்குத் தெரியாதா?" டீச்சர் ஆணியில் தொங்கிய ஒரு சின்ன டெண்டின் துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். "கோபமெல்லாம் படல தம்பி. ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். 'இது என் டெண்ட்'ன்னார். கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தார். அப்புறம் கேட்டார்..."

"என்ன கேட்டார்?"

"'யாரும்மா நீங்க?'ன்னு."